பதினாறாம் நாள் தண்ணீர்

செத்த மீன் பேசாது, உயிரோடு இருக்கிற மீன்தான் பேசும் என்று டாக்டர் பரக்கத் நிஷா என்றைக்குச் சொன்னாரோ, அன்றைக்கே அடைக்கலத்துக்குச் சோறு இறங்காமல் போய்விட்டது. இப்போது விடிந்தும் விடியாததுமாக, மடைக்குப் பக்கத்தில் போட்டிருந்த பந்தலுக்குள் நுழைந்து, அந்த மீன் கிடக்கும் தொட்டியின் காற்றுக் குழாயில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். பிடுங்கினால் போதும், கால் மணி நேரத்தில் மீன் மல்லாந்துவிடும். மனுஷன் பிடுங்கவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை.

அடைக்கலம் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் அவரைத் திட்டும்போது ஞாபகம் இருக்கட்டும்.

சேந்தனேந்தல் பெரிய கண்மாயில் மிதவைக் கூண்டு போட்டு முதன்முதலில் மீன் வளர்த்தவர் அவர்தான். ஆயிரத்து இருநூறு ஏக்கர் ஏரி அது. எங்கள் பக்கம் ஏரியைக் கண்மாய் என்போம். புதுக் கால்வாய் வந்து வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்க ஆரம்பித்ததும் மேற்கே வரத்துக்கால் ஓரம் முப்போகம் நெல், தண்ணீருக்குள்ளே வரிசை வரிசையாகக் கூண்டுகள் என்று ஊர் செழித்துவிட்டது. வயலில் போட்ட யூரியாவும் அடித்த மருந்தும் வடிகால் வழியாகக் கண்மாய்க்குள் இறங்கும். கூண்டு மீன் தின்றது போக மிச்சத் தீவனம் அடியில் போய் அழுகும். தண்ணீர் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பச்சைப் பசேலென்று பாசி பிடித்துக் கிடக்கும். வாடை வேறு. அதற்கெல்லாம் மூக்கு பழகிப்போய்விட்டது.

ஆனால் வருஷத்தில் பதினைந்து நாள் மட்டும் எவனும் எதையும் கொட்ட மாட்டான். வைகாசியில் அய்யனார் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் உரம் கிடையாது, மருந்து கிடையாது, மீனுக்குத் தீவனமும் கிடையாது. ஏன் என்று கேட்டால் ஒருத்தருக்கும் பதில் தெரியாது. காப்புன்னா காப்புதான். மனுஷன் கையில் மட்டுமா கட்டுவார்கள்? மருந்தடிக்கிற ட்ரோனைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய் அதன் இறக்கையில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். மோட்டாருக்குக் கட்டுவார்கள். கட்டிய கயிறு அவிழ்கிறவரை மிஷின் எதையும் கை தொடக் கூடாது. வெளியூர்க்காரன் பார்த்தால் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

பதினைந்தாம் நாள் காலையில் காப்பை அறுத்து, கரையில் நின்று வெள்ளைத் துண்டு வீசினால் மீன்பிடித் திருவிழா தொடங்கும். சுற்றுப்பட்டு ஊர் சனமெல்லாம் மூங்கில் கூடை மாதிரி கவிழ்த்துப் பிடிக்கிற ஊத்தாவும் வலையுமாகக் கண்மாய்க்குள் பாயும். அந்தத் துண்டை வீசும் உரிமை பரம்பரையாகச் சேவுகன் குடும்பத்துக்கு. சேவுகன் வரத்துக்கால் ஓரம் வயல் வைத்திருப்பவர். அடைக்கலத்தின் மனைவி நாகவல்லிக்குக் கூடப்பிறந்த அண்ணன். அடைக்கலத்துக்கு மச்சான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், காப்புக் கட்டிய ஒன்பதாம் நாள் காலையில் கண்மாய் மீன் மொத்தமும் செத்து மிதந்தது. கரையோரம் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை வயிறுகள். கூண்டு மீன், காட்டு மீன் என்று பாகுபாடே இல்லை. யாரோ காப்பை மீறிவிட்டார்கள் என்று ஊர் கூடியது. அந்த வாரம் பெய்த மழையில் சேவுகன் வயல் வரப்பு உடைந்து பச்சைத் தண்ணீர் கண்மாய்க்குள் இறங்கியிருந்தது. அது போதாதா? "நீதான் திருட்டுத்தனமா உரம் போட்டிருக்க" என்று பிடித்துக்கொண்டார்கள். சேவுகன் மறுத்தும் பேசவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "ஊர் சொன்னாச் சரி" என்றார், அவ்வளவுதான். வெள்ளைத் துண்டை அவர் தோளிலிருந்து எடுத்து அய்யனார் கோயில் உத்தரத்தில் தொங்கவிட்டார்கள். அதற்குப் பிறகு காப்பு மட்டும் கட்டி அறுத்தார்களே தவிர திருவிழா நடக்கவில்லை, சேவுகன் பொது இடத்துக்கும் வரவில்லை.

உண்மையில் நடந்தது என்னவென்றால், அந்த வருஷம் அடைக்கலம் ஒரு டப்பா வாங்கியிருந்தார். டைமர் வைத்த தீவன டப்பா. வேளாவேளைக்குக் கடகடவென்று தானே தீவனத்தை எறியும். ஊரில் அப்போது அவரிடம் மட்டும்தான் இருந்தது. மாட்டிக் கொடுத்த ஒரு ஆளைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் நாலு பேர் வாங்கிவிடுவார்கள் இல்லையா? பதினைந்து நாள் பட்டினி போட்டால் மீன் இளைத்துவிடுமே என்று யோசித்தவர், காப்புக் கட்டுவதற்கு முதல் நாளே டப்பா நிறையத் தீவனம் ரொப்பி முடுக்கிவிட்டார். கையில் காப்பு, கை எதையும் போடவில்லை. டப்பாவைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கயிறு கட்டவுமில்லை. அது என்ன பெரிய மிஷினா, சும்மா டப்பாதானே என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்பு. அய்யனாரிடமே வக்கீல் வாதம் பண்ணின மகராசன்!

நடுவில் வானம் மூடிக்கொண்டு மழை பிடித்தது. மப்பு நாளில் மீன் இரை எடுக்காது. பார்க்கிற ஆள் இருந்தால் நிறுத்தியிருப்பான். டப்பாவுக்கு என்ன தெரியும்? போட்டுக்கொண்டே இருந்தது. அத்தனையும் அடியில் போய் அழுகித் தண்ணீரில் இருந்த காற்றையெல்லாம் குடித்துவிட்டது. ஒன்பதாம் நாள் விடியலில் ஓடிப்போய்க் கூண்டு வலையை அறுத்துவிட்டவரும் அடைக்கலம்தான். அறுத்து என்ன? எல்லாம் மிதந்தது. டப்பாவைக் கழற்றி அவரே ஆழத்தில் போட்டார். மச்சான் தலையில் பழி விழுந்தபோது வாயைத் திறக்க நினைத்தார், நாக்கு புரளவில்லை. ஒரு நாள் தள்ளினார், ஒரு மாதம் தள்ளினார். ஆறு வருஷம் ஓடிவிட்டது.

இப்போது மீன் ஆராய்ச்சிக்காகப் பரக்கத் நிஷா வந்திருக்கிறார். மீனின் காதுக்குள் ஒரு சின்னக் கல் இருக்கும், அது நாளுக்கு ஒரு படியாக வளரும், அன்றன்றைக்குத் தண்ணீரில் என்ன இருந்ததோ அது அந்தப் படியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்றார். மீனைக் கொல்லாமலே அந்தக் கல்லைப் படிக்க மிஷின் கொண்டுவந்திருக்கிறாராம். உயிருள்ள மீனின் கல்லை மட்டும்தான் அது படிக்குமாம். ஊர்த் தலைவர் பெரியகருப்பன் அம்பலம் உடனே பிடித்துக்கொண்டார். "அந்த வருசம் எவன் காப்பை மீறினான்னு மீன் சொல்லுமா தாயி?" சொல்லும் என்று தலையாட்டினார் அவர். நேற்று அம்பலத்தின் அனுமதியோடு மடைக்குழி ஆழத்திலிருந்து ஒரே ஒரு மீனைப் பிடித்துத் தொட்டியில் விட்டிருக்கிறார்கள். ஏழு வயசுக் கட்லாவாம்.

அதன் காற்றுக் குழாயில்தான் அடைக்கலத்தின் கை இருக்கிறது.

மீன் மெள்ளத் திரும்பியது. அடேயப்பா, எவ்வளவு பெரிது! இருபது கிலோவுக்குக் குறையாது. உள்ளங்கை அகலச் செதில்கள். திரும்பியபோது அதன் இடது கண் தெரிந்தது. வெள்ளையாகப் பூ விழுந்த கண். அடைக்கலம் குனிந்து பார்த்தார்.

"ஒத்தக்கண்ணா..."

விரல் நீளக் குஞ்சாக விட்டபோதே ஒரு கண் தெரியாமல் கூண்டு வலையில் முட்டி முட்டி நின்ற பயல். மற்றதெல்லாம் தின்று முடித்த பிறகு கடைசியாக வருவான். அவனுக்கென்று ஒரு பிடி தனியாகப் போடுவார். அன்றைக்கு இவனும் செத்தான் என்றுதான் ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். அறுத்த வலை வழியாக இவன் ஒருத்தன் தப்பியிருக்கிறான். அத்தனை நஞ்சையும் குடித்துவிட்டு, ஒற்றைக் கண்ணோடு, ஆள் உசரத்தில் பாதிக்கு வளர்ந்து நிற்கிறான். அடைக்கலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. குழாயிலிருந்து கையை எடுத்தார். "பேசு சாமி. உனக்கில்லாத உரிமையா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கரையில் உட்கார்ந்துவிட்டார்.

காப்புக் கட்டிய பதினைந்தாம் நாள் அது. எட்டு மணிக்கெல்லாம் கரை கொள்ளாத கூட்டம். தோளில் ஊத்தா, இடுப்பில் சுருக்குவலை. இந்த வருஷமாவது துண்டு வீசுவார்களா என்று எல்லோர் முகத்திலும் ஆசை. கூட்டத்துக்குப் பின்னால், ஒரு வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு சேவுகன் நின்றார். அம்பலம் ஆளனுப்பி வரவழைத்திருந்தார். நாகவல்லி அண்ணனைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பந்தலுக்குள் லாரியின் சரக்குப் பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பனிமூட்டம் போல ஒரு புகை. தொட்டியில் மீனின் தலையைச் சுற்றி ஒரு வளையத்தைப் பொருத்தினார் பரக்கத் நிஷா.

"வலிக்குமாம்மா அதுக்கு?" என்றார் நாகவல்லி.

"வலிக்காதுங்க. நமக்கு வயித்துக்கு ஸ்கேன் பாக்குற மாதிரிதான். கல்லுல இருக்குற ஒவ்வொரு படியையும் மிஷின் படிக்கும். அன்னைக்குக் கண்மாய்த் தண்ணி எப்படி இருந்துச்சோ, அதை இந்தப் புகையில அப்படியே வரைஞ்சு காட்டும். முதல்ல போன வருசம்."

புகை அசைந்தது. பச்சை பிடித்தது. பெட்டிக்குள் ஒரு கண்மாய் வந்து நின்றுவிட்டது! படம் மாதிரி இல்லை, எட்டிக் கை விட்டால் நனையும் போல இருந்தது. மீன் பார்த்த கண்மாய் அது. நாட்கள் ஓடின. பச்சை திடீரென்று தடித்துக் கஞ்சி மாதிரி ஆனது.

"இது கார்த்திகை மூணாம் வாரம். இதுக்கு மூணு நாள் முன்னாடி மேல்வயல்ல யூரியா போட்டிருக்காங்க" என்றார் பரக்கத் நிஷா.

"யாரு போட்டது?" என்று ஒரு குரல்.

எல்லோரும்தான் போட்டார்கள். ஒருத்தர் ஊத்தாவைத் திருப்பிப் பார்த்தார், இன்னொருத்தர் கால் விரலால் மண்ணைக் கிளறினார். அடுத்து தை மாதம் ஒரு கருஞ்சிவப்பு, அது பூச்சி மருந்து. அப்புறம் பழுப்பாகப் புழுதி மாதிரி ஒன்று அடியிலிருந்து கிளம்பியது. அது கூண்டுகளுக்குக் கீழே அழுகிய தீவனம். இதையா நாம் பெருமையாக முப்போகம் என்றோம் என்று சனம் நின்றது.

"இப்ப பாருங்க" என்றார் பரக்கத் நிஷா. அவர் குரலே மாறியிருந்தது. "வைகாசி."

முதல் நாலு நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் பச்சை கொஞ்சம் இளகியது. எட்டாம் நாள் ஒரு வெளிச்சம் மேலேயிருந்து உள்ளே இறங்கியது. பத்தாம் நாள் அடிமண் தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் நீர்ப்பாசிக் கொடிகள், கொடிகளில் நத்தைகள். பதினாலாம் நாள் வெயில் தண்ணீருக்குள்ளே தூண் தூணாக இறங்கி நிற்க, அந்தத் தூண்களுக்கு நடுவே ஊசி ஊசியாகக் கெண்டைக் குஞ்சுகள் ஆயிரம் ஆயிரமாகத் திரும்பின. யாரோ ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"ஆத்தாடி, இது நம்ம கண்மாயா?" என்று நாகவல்லி வாய்விட்டே கேட்டார்.

"நம்ம கண்மாய்தாங்க. மடைக்குழி ஆழத்துல நடக்குறது கரையில நிக்குறவங்க கண்ணுக்குத் தெரியாது. அஞ்சு வருசமும் இதேதான். நாம கையை எடுத்த அஞ்சாம் நாள்ல இருந்து அது தன்னைத்தானே கழுவிக்க ஆரம்பிச்சிருது. பதினைஞ்சாம் நாள் காப்பை அறுக்குறீங்க. அன்னைக்குச் சாயந்தரமே தீவனம், மறுநாள் உரம். மறுபடி பச்சை."

அம்பலம் தொண்டையைச் செருமினார். "சரி தாயி. இப்ப அந்த வருசத்தைக் காட்டு."

புகை கலைந்து மறுபடி கூடியது. ஆறு வருஷத்துக்கு முந்தைய வைகாசி. ஐந்தாம் நாள் இளகவில்லை. அடியிலிருந்து பழுப்புப் புழுதி எழுந்து எழுந்து வந்தது. எட்டாம் நாள் தண்ணீர் சாம்பலாகி, ஒன்பதாம் நாள் விடியலில் பெட்டி முழுக்கக் கறுத்தது. அந்த இருட்டைப் பார்த்து ஒரு குழந்தை அழுதுவிட்டது. ஒத்தக்கண்ணன் அதற்குள் இருந்திருக்கிறான் என்று அடைக்கலத்துக்கு உறைத்தது.

"இது வயல் உரம் இல்லைங்க" என்றார் பரக்கத் நிஷா. "சேவுகன் ஐயா வயல்ல இருந்து தண்ணி வந்திருக்கு, இந்தாப் பாருங்க, லேசா ஒரு பச்சைக் கீத்து. அதுல ஒரு மீன் கூடச் செத்திருக்காது. இது தீவனம். அதுவும் மனுசன் கையால போட்டதில்ல. கையால போட்டா நேரம் முன்னப் பின்ன இருக்கும். இது காலையில ஆறு, மத்தியானம் பன்னெண்டு, சாயந்தரம் ஆறு, மணி அடிச்ச மாதிரி விழுந்திருக்கு. டைமர். அந்த வருசம் ஊர்ல யார்கிட்ட டைமர் டப்பா இருந்துச்சு?"

கூட்டம் ஒன்றையொன்று பார்த்தது. "அந்த வருசமா? அப்ப ஏது டப்பா? அதுக்கு அடுத்த வருசந்தான முதல் டப்பாவே ஊருக்குள்ள வந்துச்சு" என்றார் ஒருவர். ஆமாம் ஆமாம் என்று நாலு பேர். "அப்ப மிஷின் தப்பாச் சொல்லுதா?" என்று ஒரு இளவட்டம் சிரித்தான். "ஒத்தக் கண்ணு மீன்தானே, பாதியத்தான் பாத்திருக்கும்!" கூட்டம் கொல்லென்று சிரித்தது. பரக்கத் நிஷா முகம் சிவந்து, பெட்டியை மறுபடி மறுபடி பார்த்தார். அம்பலம் கையை உதறினார். "போதும் தாயி. பழைய கதை பழைய கதையாவே இருக்கட்டும்."

தப்பித்தாயிற்று. அடைக்கலத்துக்கு அது ஒரு நொடி தாமதமாகத்தான் விளங்கியது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஊரில் டப்பா விஷயம் தெரிந்த ஒரே ஆள் சேவுகன். பம்பு, மோட்டார் வேலையெல்லாம் அத்துப்படி என்பதால் மிதவையில் அதை மாட்டிக் கொடுத்ததே அவர்தான். காப்பில் அது ஓடியது அவருக்குத் தெரியாது என்றுதான் அடைக்கலம் இத்தனை நாள் நினைத்திருந்தார். இப்போது மாட்டியவருக்கு விளங்கியிருக்குமே! திரும்பி வேப்பமரத்தடியைப் பார்த்தார்.

சேவுகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தற்செயலாகக் கூட மாப்பிள்ளை பக்கம் கண் போய்விடக் கூடாது, போனால் ஊர் கண்டுபிடித்துவிடும் என்கிற மாதிரி, அப்படிப் பிடிவாதமாகத் தரையை.

அந்தக் குனிந்த தலையை அடைக்கலத்தால் தாங்க முடியவில்லை.

"மீன் சரியாத்தான் சொல்லுது" என்றார். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "டப்பா என்னோடது. காப்புக்கு முதல் நாள் நான்தான் முடுக்கி விட்டேன். என் மச்சான் மேல ஒரு தப்பும் இல்ல. ஆறு வருசமா நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

பிறகு நடந்ததை விவரமாகச் சொல்லி என்ன ஆகப்போகிறது. திட்டாதவர் இல்லை. ஒருத்தர் ஊத்தாவை ஓங்கிக்கொண்டே வந்தார். நாகவல்லி புருஷனைப் பார்த்த பார்வைக்கு அந்த ஊத்தா அடியே தேவலாம். அம்பலம் கையமர்த்தி, சேவுகனை முன்னால் அழைத்தார். "உனக்குத் தெரியுமாடா இது?"

"தெரியும்" என்றார் சேவுகன்.



"தெரிஞ்சா ஏன் மச்சான் சொல்லல?" அடைக்கலத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என் கழுத்தப் பிடிச்சு ஊர் முன்னாடி நிறுத்தியிருக்கலாமே!"

சேவுகன் அவரை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "மூணாம் நாளே தெரியும் மாப்ள. கரையில நடந்து போறப்ப கடகடன்னு சத்தம் கேட்டுச்சு. பரிசல் போட்டு வந்து மிதவை மேலயே ஏறிட்டேன். ஒரு சுவிட்ச்சுதான், நான் மாட்டுன சுவிட்ச்சு. கை நீட்டிட்டேன். நீட்டுன கையில காப்பு இருந்துச்சு. காப்புக் கையால மிஷினைத் தொடக் கூடாதுன்னு அப்படியே திரும்பி வந்துட்டேன். நீ கயிறு கட்டாம விட்ட. நான் கயித்தப் பாத்து விட்டேன். இத்தனை உசுரு போச்சு. யாரைக் கை காட்டச் சொல்ற? ஊர் துண்டை எடுத்தப்ப, எனக்கு அது சரின்னுதான் பட்டுச்சு."

பரக்கத் நிஷா மெதுவாக, "அதை எந்தக் கல்லும் சொல்லியிருக்காதுங்க" என்றார்.

அம்பலம் ஆளனுப்பி, கோயில் உத்தரத்தில் தொங்கிய வெள்ளைத் துண்டை எடுத்துவரச் சொன்னார். தூசியை உதறி, தன் கையாலேயே சேவுகன் தோளில் போட்டார். "வீசுப்பா. சனம் காத்துக் கிடக்கு."

சேவுகன் கரை மேல் ஏறினார். கீழே ஆயிரக்கணக்கான கால்கள் பாய்வதற்குத் தயாராக நின்றன. துண்டைக் கையில் எடுத்தவர், கண்ணாடிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பரக்கத் நிஷாவிடம் கேட்டார். "அம்மா, பதினாறாம் நாள் தண்ணி எப்படி இருக்கும்?"

"தெரியாதுங்க ஐயா. அப்படி ஒரு நாள் எந்தக் கல்லுலயும் இல்ல. பதினஞ்சாம் நாளைத் தாண்ட இந்தக் கண்மாயை யாரும் விட்டதே இல்ல."

சேவுகன் வெள்ளைத் துண்டை நாலாக மடித்துத் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

"இன்னைக்கு வீசல" என்றார். "யாரும் காப்பை அறுக்க வேணாம்."

முணுமுணுப்பு கிளம்பத்தான் செய்தது. குழம்புக்கு மசாலா அரைத்து வைத்துவிட்டு வந்த சனம் வேறு என்ன செய்யும்? ஆனால் பெட்டிக்குள் அந்த வெயில் தூண்களைப் பார்த்த கண்கள் அவை. ஊத்தாக்கள் ஒவ்வொன்றாகத் தோளிலிருந்து இறங்கின. துண்டு வீசும் உரிமை அவருக்கு என்றால், வீசாமல் இருக்கும் உரிமையும் அவருக்குத்தானே.

"மாப்ள, அந்த மீனைக் கொண்டுபோய் விடு" என்றார் சேவுகன்.

ஒத்தக்கண்ணனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார் அடைக்கலம். கைக்குள் அது ஒரு தடவை திமிறியது. விட்டதும் அவசரப்படாமல், தெரிகிற கண் பக்கமாகத் திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் விடியலில் ஊர் முழுக்கக் கரையில் உட்கார்ந்திருந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை, தானாக வந்தார்கள். கூண்டுகளில் டப்பாக்கள் மஞ்சள் கயிற்றோடு சும்மா கிடந்தன. அடைக்கலம் தள்ளி, தனியாக உட்கார்ந்திருந்தார். நாகவல்லி இன்னும் அவரோடு பேசவில்லை. பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். சேவுகன்.

வெயில் ஏறியது. காற்று நின்றது. தண்ணீருக்குள் வெளிச்சம் இறங்க ஆரம்பித்தது. அடிமண், கொடிகள், நத்தைகள், அதையும் தாண்டி மிதவைகளுக்கு அடியில், ஆறு வருஷமாக யாரும் பார்த்திராத ஆழம் வரைக்கும்.

அங்கே மண்ணில் பாதி புதைந்து ஒரு டப்பா கிடந்தது. ஊரே அதைப் பார்த்தது. அடைக்கலம் தலையைக் குனிந்துகொள்ளப் போனார்.

"நல்லாப் பாரு மாப்ள" என்று சேவுகன் அவர் முழங்கையைப் பிடித்தார்.

டப்பாவின் திறந்த வாய்க்குள்ளிருந்து கெண்டைக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன.